மூடாத கடைசி வளையம்

தம்பானூர் வரைக்கும் ரயில் வந்த வருஷம் பிறந்தவள் பக்கத்து வீட்டு சரசம்மா. அதுவரை ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்ட வண்டி அந்த வருஷம்தான் ஊருக்குள் வந்து கூவியது. அந்தச் சத்தத்தில் நம் வண்டிக் காளை மிரண்டு, சாலைக் கடைத்தெருவுக்கு ஏற்றிய கருவாட்டு மூட்டை தெருவில் விழுந்து பிரிந்தது உனக்கு நினைவிருக்கும். அள்ளிக் கட்டிவிட்டு வந்த என்னைக் குளிக்காமல் நீ வீட்டுக்குள் விடவில்லை.

அந்த சரசம்மா இன்று காலை வந்து, "அப்பூப்பா, அம்மூம்மாவுக்க பெட்டி எங்க?" என்று உன் பெட்டியைக் கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் திறந்தேன். மிளகு வாசனை வந்தது. பூச்சி அரிக்காமலிருக்க நீ துணியில் முடிந்து போட்டுவைத்த மிளகு. நீ இப்போதுதான் மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனதுபோல அத்தனை காரமாக இருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு சேர்ந்து கண்ணும் நனைந்ததால் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேதக்கோயில் உபதேசியார் எழுதுகிறார். பிழை இருந்தால் அது அவருடையது. மிஷன் பள்ளியில் படித்த நீ அதைக் கண்டுபிடித்துவிடுவாய்.

பெட்டிக்குள் எல்லாம் நீ வைத்தபடியே இருக்கிறது. அடியில் பிள்ளைக் கழுத்துக்கான சின்னக் காலர், அதற்குமேல் கொஞ்சம் பெரியது, அதற்குமேல் இன்னும் பெரியது. எல்லாம் வெள்ளை ரேந்தை, நூலை முடிந்து முடிந்தே செய்த பூவேலை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடைசி வளையம் மட்டும் மூடாமல் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு வால் நூல் தொங்குகிறது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து உன்னைக் கட்டிக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது, உன் மடியில் முடிந்திருந்தது ஒரு சின்ன ஓடம். தறிக்காரர் ஓடம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் நீளம்தான். மிஷன் வீட்டு வெள்ளைக்காரம்மா கொடுத்தது. நீ இடக்கை விரல்களில் நூலைச் சுற்றிக்கொண்டு, ஓடத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போடுவாய். ஓடத்து நூலை ஒரு இழுப்பு இழுத்தால் அந்த முடிச்சுகள் எல்லாம் நெருங்கிக் கூடி ஒரு வளையமாக மூடிக்கொள்ளும். ஊசி கிடையாது, சட்டம் கிடையாது. ஒரு முடிச்சு தப்பிப்போனால் அவிழ்க்கவும் முடியாது, வெட்டத்தான் வேண்டும். மாட்டு மூக்கணாங்கயிறு கட்டத் தெரிந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றும்.

"இத வித்தா என்ன?" என்று முதல் வருஷம் கேட்டேன்.

"மிஷன் வீட்ல இருந்தப்போ எம்புட்டோ செஞ்சேன்," என்றாய். "எல்லாம் பெட்டி கட்டிக் கப்பல்ல போச்சு. எந்தக் கழுத்துல கிடக்கு, எந்த மேசையில கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? இனி எனக்கு மொகம் தெரிஞ்சவங்களுக்குத்தான். வாங்குறவங்க கைய நான் பாக்கணும்."

அதற்காகத்தான் அந்த வழக்கத்தை உண்டாக்கினாய். யாருக்குச் செய்தாலும் கடைசி வளையத்தை மூடமாட்டாய். அவர்கள் வரும்போது வால் நூலை அவர்கள் விரலில் கொடுத்து, "இழுங்க" என்பாய். அவர்கள் இழுக்க வளையம் மூடும். அதன்பிறகுதான் நூலை முடிந்து கத்தரிப்பாய். மருத்துவச்சி இழுத்தாள். பாதிரியார் சம்சாரம் இழுத்தாள். ஞானஸ்நானத் தொப்பி என்றால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கவைப்பாய், அது நூலை வாயில் வைத்துவிடும்.

நம் மகள் கல்யாணத்துக்கு அரிசியும் சாமானும் கொடுத்து உதவிய சாலைக் கடை அண்ணாச்சிக்கு, நீ கடைத்தெருவுக்கு வரமுடியாததால் ரேந்தை வைத்த கைக்குட்டையை என்னிடம் கொடுத்துவிட்டாயே, அது மறக்குமா? திருநெல்வேலிக்காரர், பெரிய மீசை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "என்ன ஓய், மாட்டுக்காரருக்கு ரேந்தை எதுக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி. இந்த நூல நீங்க இழுக்கணுமாம்."

"இழுத்தா என்ன வரும்? மணி அடிக்குமோ?"

கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி இழுத்தார். வளையம் மூடியது. சிரிப்பு நின்றது. அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லும், அடைச்சாச்சுன்னு," என்றார்.

மகள் ரங்கூனுக்குப் போனாள். மருமகனுக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. மறு வருஷம், ரயில் வந்த அதே வருஷம், பேத்தி பிறந்த செய்தி வந்தது. அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டுக் கல்யாணியம்மாவுக்கு சரசம்மா பிறந்தாள். நீ கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போய், தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கழுத்தைச் சுற்றி நூல் வைத்து அளவெடுத்தாய்.

கல்யாணியம்மா பயந்துபோனாள். "எந்தா இது சேச்சி? பிள்ளைக்கு வல்ல தோஷமும் வருமோ?"

"ஒரு தோஷமும் இல்ல. இது இம்புட்டு இருந்தா, அங்க அதுவும் இம்புட்டுத்தான இருக்கும்."

அன்றிலிருந்து வருஷம்தோறும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சரசம்மா நம் வீட்டு வாசலில் அளவுக்கு நிற்பாள். நடக்கத் தெரிந்த பிறகு தானாகவே வந்தாள். "அனங்காம நில்லு" என்று நீ சொல்லிச் சொல்லி, அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள். நூலை வைத்து, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொள்வாய். அந்த அளவுக்கு ஒரு காலர். மகள் ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று எழுதுவாள். ஒரு வருஷம் மருமகனுக்கு லீவு இல்லை. ஒரு வருஷம் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை. அடுத்த வருஷம் கப்பலில் இடம் இல்லை. காலர் பெட்டிக்குள் போகும்.

"தபால்ல அனுப்பினா என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எதுக்கு? தபால்காரனா வந்து இழுப்பான்?" என்றாய்.

சரசம்மாவுக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும். அளவுக்கு நின்றுகொண்டே, "எனக்கு எப்போ அம்மூம்மா?" என்று கேட்டாள். நீ அவளுக்குக் கைக்குட்டை செய்துகொடுத்தாய், ஓரமெல்லாம் வளையம் வைத்து. அவளே இழுத்தாள். ஆனால் காலர் கொடுக்கவில்லை. கல்யாணியம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். "வேற யாருக்கு வேணாலும் குடுப்பேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாய். "இவளுக்குக் குடுத்தா, அங்க உள்ளவளுக்கு உள்ளத எடுத்து இவளுக்குப் போட்ட மாதிரி ஆயிரும்." எனக்குப் புரியவில்லை. ஆனாலும் உன் கை வேலையில் நான் என்ன சொல்ல?

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான் என்றார்கள். கடிதம் நின்றது. அந்த மாதங்களில் நான் ஒவ்வொரு ரயிலுக்கும் தம்பானூரில் போய் நிற்பேன். சவாரிக்கு என்றுதான் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் நீ என் பின்னால் வண்டியைத்தான் பார்ப்பாய்.

மழைக்காலத்தில் ஒருவன் இறங்கினான். எலும்பும் தோலுமாக இருந்தான். கையில் ஒரு பை மட்டும். "பாளையத்து கோயில் பக்கத்துல நாகர்கோவில்காரர் ஒரு வண்டிக்காரர் வீடு இருக்காமே, தெரியுமா?" என்று என்னிடமே கேட்டான்.

"நான்தான்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் காளையைப் பார்த்தான். "நெய்யூர் பக்கம் நான். உங்க மருமகன்கூட ஆலையில இருந்தேன். வீட்டுக்குப் போவோம் அண்ணே. அம்மா முன்னால சொல்லுதேன்."

அவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்தச் செய்தியை நானே உன்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தேன். மேடு ஏறும்போது காளை நின்றது. அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

நீ அவனுக்குக் கஞ்சி கொடுத்தாய். குடித்து முடித்தான். பிறகு அவன் சொன்னான். ரங்கூனை விட்டு எல்லோரும் நடந்தார்கள். காட்டு வழி, மலை வழி. வாந்திபேதி வந்து முதலில் மருமகன் போனார். பிறகு இரண்டு முகாம் தாண்டி மகள். அவளுக்கு எழுந்திருக்க முடியாமல் போனபோது, கூட நடந்துவந்த ஒரு தெலுங்குக்காரி கையில் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தாள். ஆற்றங்கரையில் கூட்டம். தோணியில் ஏறும்போது அவர்கள் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். அதற்குப்பிறகு அவன் பார்க்கவில்லை.

நீ அழவில்லை. "பிள்ள நடந்துச்சா? தூக்கிட்டுப் போனாங்களா?"

"நடந்தாம்மா. கடைசிவரைக்கும் நடந்தா."

"அப்போ கால் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாய். பிறகு, "கழுத்து எம்புட்டு இருக்கும்?"

அவனுக்கு அது விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் இரண்டு கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினான். மேட்டில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்தப் பிள்ளையின் பிடரியைத் தாங்கிப் பழகிய கை அது. நீ உள்ளே போய், சரசம்மாவின் கழுத்தில் கடைசியாக எடுத்த அளவு நூலைக் கொண்டுவந்து அந்தக் கைக்குள் வைத்தாய். சரியாக உட்கார்ந்தது. அவன் கையை இறக்கவே இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு அழுதான்.

"அளவு தப்பல்ல," என்றாய் என்னிடம். அதை எப்படிச் சொன்னாய் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பாதிரியார் எங்கெங்கோ எழுதிக் கேட்டார். கல்கத்தாவுக்கு, அசாம் முகாம்களுக்கு. பதில் ஒன்றிரண்டு வந்தது, விவரம் வரவில்லை. பேத்தியின் பேரில் யாரையும் காணோம், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அந்தப் பேரை நாம் இருவரும் வாயால் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர் என்ன நினைப்பாரோ என்று உனக்கும் பயம், எனக்கும் பயம்.

கிறிஸ்துமஸ் வந்தது. நீ வாசலில் நின்று, "சரசு, வா பிள்ள" என்று கூப்பிட்டாய்.

தெருவில் உன்னைப்பற்றிப் பேசினார்கள். கோயிலில் பெண்கள், பாவம், புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். நானும் ஒரு நாள் கேட்டேன். "இன்னும் எதுக்குப் பிள்ள இது?"

நீ ஓடத்தை நிறுத்தவில்லை. "சரசுக்குக் கழுத்து வளருதா இல்லியா?"

"வளருது."

"பின்ன?"

இங்கே ஒரு கழுத்து வளர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது.

நூல் கிடைக்காத காலம் அது. அரிசிக்கே வரிசையில் நின்றோம், இதில் வெள்ளை மெல்லிய நூலுக்கு எங்கே போவது? சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "உடுக்கத் துணியில்ல, உமக்கு ரேந்தை நூலா?" என்று விரட்டினார்கள். கடைசியில் அண்ணாச்சியிடம் போனேன். அவர் மீசை நரைத்துவிட்டது. உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு உருண்டை கொண்டுவந்தார். "எம் பொண்டாட்டி வச்சிருந்தது ஓய். அவ போயிட்டா. இது சும்மா கிடக்கு. கொண்டு போம்." வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னால் கூப்பிட்டார். "உம்ம பேத்தி வந்தா, கடைக்குக் கூட்டிட்டு வாரும். மறந்துராதியும்." ஊரிலேயே அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை உன்னிடம் சொன்னபோதுதான் நீ முதல்முறையாக அழுதாய். அடுப்பில் சோறு அடிபிடித்தது, எழுந்து இறக்க முடியாத அளவுக்கு அழுதாய்.

சண்டை முடிந்தது. ரேஷன் முடியவில்லை. அந்த மழையில் உனக்குக் காய்ச்சல். படுத்த இடத்தில் விரல் மட்டும் போர்வைமேல் நூல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வருஷத்துக் காலரை முன்னாலேயே முடித்து, கடைசி வளையம் மட்டும் திறந்தபடி பெட்டியில் வைத்திருந்தாய். "கேட்டியளா," என்றாய். "யாராவது பாவம் பாத்து அத இழுத்துரப் போறாங்க. நீங்களும் இழுத்துராதிங்க."

"இழுக்கமாட்டேன்."

"சரசு கழுத்து..." என்று ஏதோ சொல்ல வந்தாய். முடிக்கவில்லை.

உன்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது கோயில் பெண்கள் ரேந்தை தேடினார்கள். ஊருக்கெல்லாம் செய்துகொடுத்தவளுக்குக் கழுத்தில் ஒன்று வேண்டாமா என்றார்கள். வீட்டிலிருந்தவை எல்லாம் திறந்த வளையங்கள். நான் அந்த ரேந்தைப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன், எழுந்திருக்கவில்லை. பிடிவாதக்கார மாட்டுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். அப்போது சரசம்மா ஓடிப்போய், சின்ன வயதில் தானே இழுத்து வாங்கிய கைக்குட்டையைக் கொண்டுவந்து உன் விரல்களுக்குள் வைத்தாள். பழுத்து மஞ்சளாகியிருந்தது. நீ கொடுத்ததில் உன்னிடம் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அதற்குப்பிறகு யாரும் அளவுக்கு நிற்கவில்லை. சரசம்மா பெரியவளாகிவிட்டாள், வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்கும் கூப்பிட வாய் வரவில்லை. காளையையும் விற்றாயிற்று. அண்ணாச்சியும் போய்விட்டார்.

இன்று காலை அவள் வந்ததற்குக் காரணம் சொல்கிறேன். சிங்க மாதத்தில், நம் ஆவணியில், அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆலப்புழைக்காரன். கல்யாணியம்மா நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் பெட்டியைத் திறந்ததும், இவள் ஏதாவது கேட்பாளோ என்று ஒரு நிமிஷம் என் மனம் தடுமாறியது. கேட்டால் எப்படி இல்லை என்பேன்? எல்லாக் காலருக்கும் தன் கழுத்தை நீட்டியவள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒரு வால் நூலைக்கூடத் தொடவில்லை. எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்பூப்பா, கிறிஸ்துமஸுக்கு நான் இவிடெ இருக்கமாட்டேன் அல்லோ," என்றாள். "அளவு இப்பவே எடுத்துருங்க."

"எனக்குப் பின்னத் தெரியாதே மோளே."

"பின்ன வேண்டாம். அளவு இருக்கட்டும். அம்மூம்மா போனதுக்குப் பிறகு எடுக்கவே இல்ல. அந்தக் குட்டி வந்தா என்ன நினைக்கும்?"

அவள் பின்னலை முன்னால் தள்ளிவிட்டுக் கழுத்தைக் குனித்து நின்றாள். உன் ஓடத்தில் மிச்சமிருந்த நூலை எடுத்தேன். கயிறு பிடித்துக் காய்த்த விரலில் அந்த நூல் நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது.

"கழுத்த நெரிச்சிராதிங்க, கல்யாணம் இருக்கு," என்றாள்.

"அனங்காம நில்லு," என்றேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் செய்ததுபோலவே. நூல் சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். உன் முடிச்சு மாதிரி இல்லை, மாட்டுக்காரன் முடிச்சு. ஆனால் அவிழாது. அதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மிளகு முடிச்சை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அவள் போன பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது, அதைச் சொல்லத்தான் உபதேசியாரைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் கழுத்து இனி வளராது. நீ வருஷாவருஷம் பயந்து பயந்து புதிதாக அளவெடுத்தாய், அடுத்த வருஷம் பத்தாமல் போய்விடுமே என்று. இந்த அளவு இனி மாறாது. அவள் எப்போது வந்தாலும், எத்தனை காலம் கழித்து வந்தாலும், இது சரியாக இருக்கும். காலர் செய்ய நீ இல்லை என்பது மட்டும்தான் குறை. அதற்கு நான் என்ன செய்வேன்? அளவாவது தப்பாமல் இருக்கிறது.

மருமகன் போனார். மகள் போனாள். நீ போனாய். நானும் இன்றைக்கோ நாளைக்கோ, என்னை எண்ணவேண்டாம். நம் வீட்டில் உயிரோடு இருப்பது ஒருத்திதான். உபதேசியார் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். பேத்தி பேரை எழுதும் ஐயா என்கிறேன், நான் வாய்விட்டே சொல்லுகிறேன்.

எஸ்தர்.